மாடக்குழி முதல் நாடா விளக்கு வரை

மேற்கு மலைத்தொடர் தெற்கு நோக்கிச் செல்லும் வழியில், ஓரிடத்தில் சற்றே தாழ்ந்து மனிதருக்கு வழிவிடுகின்றது. செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடைப்பட்ட அக்கணவாயின் வழியே கொல்லத்துச் சாலையும் இருப்புப்பாதையும் மலையைக் கடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர்க்கு அக்கணவாயின் வாயிலில் அமைந்த ஊர் புளியறை. தட்சிணாமூர்த்தி சந்நிதியால் பெயர்பெற்ற சதாசிவமூர்த்தி கோயிலும், மலையேறும் சாலையின் வளைவும், சுற்றிலும் விரிந்த பசும்வயல்களும் அவ்வூரைக் கடந்து செல்வோர் நினைவில் நிற்பவை. ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குக் காற்று சாரலைச் சுமந்துகொண்டு அக்கணவாயின் வழியே விரைந்து வரும். குற்றால அருவிகளில் நீர் பெருகுவதும் அக்காலத்தில்தான்.

இத்தகைய ஊரில் மாலைப்பொழுதில் ஒரு விளக்கை ஏற்றி, அதனை அணையாமற் காப்பது முற்காலத்தில் எளிய செயலாக இருந்திராது. வரலாற்று நூல்கள் மன்னர்களின் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் விரிவாக எடுத்துரைக்கின்றன. பொழுது சாய்ந்தபின் ஓர் எளிய குடும்பத்திற்கு எவ்வளவு ஒளி கிடைத்தது, அந்த ஒளிக்காக அக்குடும்பம் என்ன விலை கொடுத்தது என்பதும் வரலாறே அன்றோ? இன்று கல்லூரி மாணவர் ஒருவர் தென்காசிக் கடைவீதிக்குச் சென்று, 5 மீட்டர் நீளமுள்ள எல்.இ.டி. விளக்கைச் சுருளாக வாங்கி வந்து, தம் அறையில் தாமே ஒட்டிவிடுகின்றார். ஸ்ட்ரிப் லைட் என்று கடைகளில் வழங்கும் இந்த நாடா விளக்கு எவ்வழியாக நம் இல்லத்திற்கு வந்து சேர்ந்தது என்பதை அறிந்தால், அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையும் நமக்கு விளங்கும். விளக்கு அரிய பொருளாக இருந்த காலத்தில் அதன் விலையே மக்களுக்கு அளவைக் கற்பித்தது. விளக்கு மலிந்துவிட்ட இக்காலத்தில் அவ்வளவை நாம் அறிவினால் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. இதுவே இப்பேச்சின் கருத்து.

முதலில் எண்ணெய் விளக்கின் காலத்தை எண்ணிப் பார்ப்போம். எள்ளின் நெய்யே எண்ணெய் எனப்பட்டது. ஆமணக்கு விதையிலிருந்து எடுத்த நெய்யை நாம் இன்றும் விளக்கெண்ணெய் என்றுதான் வழங்குகின்றோம். விளக்கெரிப்பதற்காகவே ஓர் எண்ணெய் பெயர் பெற்றிருந்தது என்பதிலிருந்து, மக்கள் வாழ்வில் விளக்கு பெற்றிருந்த இடத்தை உணரலாம். இலுப்பை எண்ணெயும் புன்னை எண்ணெயும் விளக்குக்குப் பயன்பட்டன.

ஒரு விளக்கை ஓயாது எரியவிடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதற்குக் கோயிற் கல்வெட்டுகளே சான்று. இரவும் பகலும் அணையாது எரிவதை நந்தா விளக்கு என்றனர். முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டளவில் எழுப்பி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், ஒரு விளக்கிற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும் எனவும், அதற்காக 96 ஆடுகள் அளிக்கப்பட்டன எனவும் கூறுகின்றன. ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்களையோ 16 எருமைகளையோ அளிப்பதும் உண்டு. ஒரே ஒரு சுடர் ஓயாமல் எரிவதற்கு 96 ஆடுகள் கொண்ட மந்தை! அச்சுடரின் ஒளியை இன்றைய அளவையில் சொன்னால் ஏறக்குறைய 10 லூமன் இருக்கலாம். லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிப்படும் ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு. இன்று வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 800 முதல் 900 லூமன் வரை தருகின்றது. அதாவது எண்பது சுடர்களுக்கு மேற்பட்ட ஒளியை நாம் ஒரு பொத்தானை அழுத்திப் பெறுகின்றோம்.

கோயிலுக்கே இத்தனை செலவு என்றால், எளிய வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஒரு விளக்குத்தான் எரிந்தது. சுவரிலே குடையப்பட்ட மாடக்குழியில் அகலை வைத்தனர். அக்குழி காற்றைத் தடுத்தது. சுடர் நேரே கண்ணில் படாமலும் காத்தது. வெள்ளையடித்த குழியின் உட்புறம் பட்டு மெல்லொளி முற்றத்தில் பரவியது. அடுப்படியில் வேலையிருந்தால் விளக்கு அடுப்படிக்குச் சென்றது. ஏட்டுச் சுவடியைப் படிக்க வேண்டுமானால் ஏட்டின் அருகே வந்தது. ஒளி சிறிதாக இருந்தமையால், அதனை வேலை நடக்கும் இடத்திற்கே எடுத்துச் செல்லும் பழக்கம் நிலைபெற்றிருந்தது. இந்தப் பழக்கத்தை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் தேவை வரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் தகர டின்களில் அடைபட்டு இந்திய ஊர்களுக்கு வரத் தொடங்கியது. 1904ஆம் ஆண்டில் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து மலையினூடே புகைவண்டி ஓடலாயிற்று. புளியறையை ஒட்டியுள்ள பகவதிபுரம் நிலையம் அப்பாதையில் அமைந்ததே. அகலின் இடத்தைச் சிம்னி விளக்கும், அரிக்கன் விளக்கும், லாந்தரும் பிடித்துக்கொண்டன. திருமணத்திற்கும் கோயில் விழாவிற்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. அரிக்கன் விளக்கின் கண்ணாடிக் கூண்டு கணவாய்க் காற்றுக்கு ஈடுகொடுத்தது. அதன் தட்டையான திரியை மக்கள் நாடா என்றே அழைத்தனர். நாடாவை ஏற்றினால் ஒளி கூடும். அதிகமாக ஏற்றினால் புகை எழுந்து கண்ணாடி கரியேறிவிடும். ஒளி வேண்டும் அளவுக்கு நாடாவை ஏற்றுவதும் இறக்குவதும் அன்று சிறுவர்க்கும் தெரிந்த கலை. அவ்விளக்கடியில் படித்து முன்னுக்கு வந்த தலைமுறைகள் பல. ஆயினும் புகையால் நெஞ்சும், மங்கலால் கண்ணும் வருந்தியதையும், கவிழ்ந்த விளக்கினால் குடிசைகள் எரிந்ததையும் நாம் மறத்தலாகாது. பழமை என்பதற்காக அதனைப் போற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தது மின்விளக்கு. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடிசனும், அதே காலத்தில் இங்கிலாந்தில் ஸ்வானும் இழை விளக்கை உருவாக்கிக் காட்டினர். தென்கோடியிலிருந்த நம் பகுதிக்கு அது வந்து சேர்ந்த கதையில் இரண்டு அரசுகளுக்குப் பங்கு உண்டு. புளியறை உள்ளிட்ட செங்கோட்டைப் பகுதி அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. சில கல் தொலைவிலிருந்த தென்காசியோ சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூரில் 1929ஆம் ஆண்டு திருவனந்தபுரம் நகருக்கு மின்வழங்கல் தொடங்கியது. 1940இல் மூணாற்றை அடுத்த பள்ளிவாசலில் அந்நாட்டின் முதல் நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. சென்னை மாகாணத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. 1944இல் தாமிரபரணியின் நீரைக் கொண்டு பாபநாசம் நீர்மின் நிலையம் மின்விசை அளிக்கத் தொடங்கியது.

பாபநாசத்து அருவியின் ஆற்றலைக் கொண்டு 1880களிலேயே பஞ்சாலைக் கதிர்கள் சுழற்றப்பட்டன என்பதை இங்கே நினைவுகூரலாம். நீரின் வீழ்ச்சி முன்பு நூல் நூற்றது, பின்பு விளக்கேற்றியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டைப் பகுதி தமிழகத்துடன் இணைந்தது. 1957 ஜூலை முதல் நாள் சென்னை மாநில மின்வாரியம் உருவாயிற்று. காமராசர் முதலமைச்சராக இருந்த அவ்வாண்டுகளில் சிற்றூர்களுக்கும் வயற்காட்டுக் கிணறுகளுக்கும் மின்கம்பி சென்றது. குடிசைகளுக்கு ஒரு விளக்காவது அளிக்க வேண்டும் என்னும் நோக்குடன் நடுவண் அரசு 1988–89இல் குடிர் ஜோதித் திட்டத்தைத் தொடங்கியது.

மின்விளக்கு வந்ததும் ஒளியைப் பற்றிய நம் எண்ணத்தில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. முதலாவது, விளக்கு மோட்டுவளைக்கு ஏறிவிட்டது. அறையின் நடுவில் ஒரு குமிழ் தொங்கியது. அதுவரை வேலையைத் தேடி விளக்கு சென்றது. இப்போது விளக்கைத் தேடி வேலை வந்தது. அடுப்பு மேடையில் நின்று காய் நறுக்கும் தாய்க்கு ஒளி முதுகுப்புறத்திலிருந்து வரவே, அவர் நிழலே அரிவாள்மணை மீதும் பலகை மீதும் விழுந்தது. இரண்டாவது, ஒளியை வாட் கணக்கில் பேசத் தொடங்கினோம். 40 வாட், 60 வாட், 100 வாட் என்று குமிழ்களை வாங்கினோம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்திறனின் அளவே தவிர, தரும் ஒளியின் அளவன்று. இழை விளக்கு உண்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே வீணாயிற்று. 40 வாட் குமிழ் தந்த ஒளி 400 லூமன் அளவே. குழல் விளக்கு வந்தபோது அதே 40 வாட்டில் பல மடங்கு ஒளி கிடைத்தது. அப்போதே வாட் என்னும் சொல் ஒளிக்கு அளவாகாது என்பதை நாம் உணர்ந்திருக்கலாம். பழக்கம் எளிதில் விடுவதில்லை.

இனி எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டையோடின் பிறப்பைக் காண்போம். 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ரவுண்ட் என்பவர், சிலிக்கன் கார்பைடு என்னும் படிகத்தில் மின்னோட்டம் செலுத்தியபோது மஞ்சள் நிற ஒளி தோன்றியதைக் கண்டு அறிவித்தார். 1920களில் ரஷ்யாவைச் சேர்ந்த லோசெவ் அதனை மேலும் ஆராய்ந்தார். 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் டையோடை உருவாக்கினார். அது கணிப்பொறிகளிலும் வானொலிப் பெட்டிகளிலும் சிறு புள்ளியாக ஒளிர்ந்தது. ஆயினும் வீட்டுக்கு வேண்டிய வெள்ளொளி கிடைக்கவில்லை. நீலம் கிடைத்தாலன்றி வெள்ளை கிடைக்காது. அந்த நீலமோ முப்பது ஆண்டுகள் விஞ்ஞானிகளின் கைக்கு எட்டவில்லை.

இதன் காரணத்தைக் குற்றாலத்தை அறிந்த மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அருவி நீர் உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் மிகுதி, தாழ்ந்த படியிலிருந்து விழுந்தால் குறைவு. அதுபோலவே டையோடினுள் இருவகைக் குறைகடத்திகள் கூடும் எல்லையில் எலெக்ட்ரான்கள் ஓர் ஆற்றல் படியிலிருந்து கீழ்ப்படிக்கு விழுகின்றன. விழும்போது இழக்கும் ஆற்றலே ஒளியாகின்றது. விழும் உயரம் சிறிதானால் சிவப்பு, பெரிதானால் நீலம். நீலத்திற்கு வேண்டிய பெரும்படியைத் தரவல்ல காலியம் நைட்ரைடு என்னும் பொருளைக் குறையின்றி வளர்ப்பதே அரிதாக இருந்தது. ஜப்பானியரான அகாசாகி, அமானோ ஆகியோர் அதில் வழிகண்டனர். தோக்குஷிமா மாவட்டத்தின் சிறுநகர் ஒன்றிலிருந்த நிச்சியா நிறுவனத்தில் பணியாற்றிய நாக்காமுரா, 1993இல் பேரொளி தரும் நீல டையோடை உருவாக்கினார். நீல ஒளியின் மீது மஞ்சளொளி தரும் பூச்சு ஒன்றைப் பூசியபோது, இரண்டும் கலந்து வெள்ளொளி பிறந்தது. இம்மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. பெருநகரில் இல்லாமலும் பெருஞ்செயல் செய்ய இயலும் என்பதற்கு நாக்காமுராவின் வாழ்வு ஒரு சான்று.

இந்தியாவில் 2015 ஜனவரி 5ஆம் நாள் உஜாலா என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அரசுத் துறை நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தமையால், 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு விளக்கின் கொள்முதல் விலை 2016க்குள் 38 ரூபாயாக இறங்கியது. அத்திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மக்களுக்குச் சென்றன. கல்வெட்டுக் காலத்தில் 96 ஆடுகளின் பயனாக ஒரு சுடர் எரிந்த நாட்டில், ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைக்கு எண்பது சுடரின் ஒளி கிடைக்கலாயிற்று.

இவ்வொளிக்கு வேண்டிய மின்சாரத்தின் வரலாற்றிலும் புளியறைக் கணவாய்க்கு இடமுண்டு. 1986ஆம் ஆண்டில் நாட்டின் முதற் காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று தூத்துக்குடியில் அமைந்தது. செங்கோட்டைக் கணவாயினூடே வரும் காற்று சமவெளியில் பரந்து செல்வதால், தென்காசியைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் காற்றாலைகள் எழுந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டிற்கும் மேற்பட்டது. அகல் விளக்கை அணைத்த அதே ஆடிக்காற்று, இன்று மின்கட்டத்தில் கலந்து விளக்கேற்றவும் உதவுகின்றது.

இப்போது நாடா விளக்கிற்கு வருவோம். நெகிழும் தன்மையுள்ள மெல்லிய பட்டையின் மீது சிறுசிறு எல்.இ.டி.க்களை வரிசையாகப் பதித்து, பின்புறம் பசை தடவியிருப்பர். திருவிழாக்களில் மரங்களைச் சுற்றிக் கட்டிய பழைய சீரியல் செட்டை நாம் அறிவோம். அதில் எல்லாக் குமிழ்களும் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒன்று பழுதானால் தொடர் முழுதும் இருண்டுவிடும். நாடா விளக்கில் அந்தக் குறை பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளது. 12 வோல்ட் நாடாவில் மூன்று எல்.இ.டி.க்களும் ஒரு மின்தடையும் சேர்ந்து ஒரு தொடராகும். அத்தகைய தொடர்கள் பலவற்றை இணையாகச் சேர்த்திருப்பர். ஒன்று கெட்டால் பெரும்பாலும் மூன்று மட்டுமே அணையும். இதனால்தான் நாடாவைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே வெட்டலாம். கத்தரிக்கோல் அடையாளம் இருக்குமிடத்தில் வெட்டினால் தொடர் முழுமையாக நிற்கும். வேறிடத்தில் வெட்டினால் அத்தொடர் ஒளி தராது.

இதனைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே, என்ன வேலைக்கு என்பதே. முன்னோர் விளக்கை வேலைக்கு அருகே கொண்டுசென்றனர் என்று கண்டோமல்லவா? மோட்டுவளையில் ஏறிய விளக்கை மீண்டும் வேலைக்கு அருகே கொண்டுவர நாடா விளக்கு வாய்ப்பளிக்கின்றது. சமையலறையில் மேல் அலமாரியின் அடிப்புறத்தில் ஒரு மீட்டர் நாடாவை ஒட்டினால், தாயின் நிழல் பலகையின்மீது விழாது. புத்தக அடுக்கிலும், துணி அலமாரியிலும், முதியோர் இரவில் இறங்கும் படிக்கட்டிலும் அது நன்கு பயன்படும். அறை முழுவதற்கும் ஒளி தர வேண்டுமாயின் குழல் வடிவ எல்.இ.டி. விளக்கே ஏற்றது. மோட்டில் மறைத்து ஒட்டும் நாடா, சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒளியையே தரும். இது மாடக்குழியின் வழிமுறையே. மூலவிளக்கு கண்ணில் படாமல், ஒளிபட்ட சுவர் மட்டும் கண்ணில் பட வேண்டும். நாடாவின் புள்ளிகள் நேரே கண்ணில் குத்துமாறு ஒட்டுவது முறையன்று.

இரண்டாவதாக ஒளியின் அளவையும் மின்செலவையும் காண வேண்டும். கடையில் ஒரு மீட்டருக்கு எத்தனை வாட் என்றும், எத்தனை லூமன் என்றும் கேட்க வேண்டும். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள சிறுவகை நாடா மீட்டருக்கு 4.8 வாட் எடுத்துக்கொள்வது வழக்கம். பெருவகையில் அது 14.4 வாட் ஆகும். 5 மீட்டர்ச் சுருளுக்கு முன்னது 24 வாட், பின்னது 72 வாட். நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால், 30 நாளில் முன்னது 3.6 யூனிட், பின்னது 10.8 யூனிட். பின்னது எட்டு 9 வாட் விளக்குகளை ஒருங்கே எரிப்பதற்குச் சமம். எல்.இ.டி. என்றாலே சிக்கனம் என்று எண்ணி, அழகுக்காக வீடெங்கும் நாடாவை ஓடவிட்டால், அறிவியல் ஈட்டிய சிக்கனம் நம் ஆடம்பரத்தால் கரைந்துபோகும்.

மூன்றாவது, ஒளியின் நிறம். இதனைக் கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். அகல்சுடரின் நிறம் ஏறக்குறைய 2000 கெல்வின். இழை விளக்கு 2700. பலர் வீட்டுக் குழல் விளக்கின் நீலம்கலந்த வெண்மை 6500. எண் ஏறஏற நிறம் நீலத்தை நோக்கிச் செல்கின்றது. வெண்மை மிகுந்தால் ஒளியும் மிகும் என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. நிறம் வேறு, ஒளியின் அளவு வேறு. படிக்கும் மேசைக்கும் சமையல் மேடைக்கும் 4000 கெல்வின் அளவு பொருந்தும். படுக்கையறைக்கும் இளைப்பாறும் இடத்திற்கும் 2700 அல்லது 3000 போதும். இரவில் நீலம் மிகுந்த பேரொளியில் நெடுநேரம் இருந்தால், உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு குறைகின்றது என்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். தேர்வுக் காலத்தில் இரவு நெடுநேரம் படித்துவிட்டு உறக்கம் வரவில்லை என்று வருந்தும் மாணவர், தம் அறையின் விளக்கையும் கைபேசித் திரையையும் சற்று ஆராய்வது நன்று.

நான்காவது, பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் தன்மை. சோடிய ஆவித் தெருவிளக்கின் கீழ்ச் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒன்றுபோல் மங்கித் தோன்றியதை மூத்தோர் அறிவர். இத்தன்மையை சி.ஆர்.ஐ. என்னும் எண்ணால் அளப்பர். சூரிய ஒளிக்கு 100. வீட்டுக்கு 80க்குக் குறையாத நாடாவும், ஆடை தேர்வதற்கும் ஓவியம் தீட்டுவதற்கும் 90க்குக் குறையாததும் வேண்டும்.

ஐந்தாவது, மின்வழங்கல். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மாறுமின்னோட்டம். நாடாவுக்கு வேண்டியது 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்னோட்டம். இடையில் அடாப்டர் என்னும் மாற்றுக் கருவி நின்று இதனைச் செய்கின்றது. பலர் நாடாவை ஆராய்ந்து வாங்குவர், அடாப்டரைக் கிடைத்த விலைக்கு வாங்கிவிடுவர். விபத்துக்கு இடம் தருவது இதுவே. 72 வாட் நாடாவுக்கு 72 வாட் அடாப்டர் போதாது. அது எந்நேரமும் முழுச்சுமையில் நின்று சூடேறும். ஐந்தில் ஒரு பங்கு திறன் எஞ்சி நிற்குமாறு 90 வாட் அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குதல் வேண்டும். இந்தியத் தர அமைவனத்தின் பதிவுக் குறியீடு அதில் உள்ளதா என்றும் பார்த்தல் நலம்.

நீண்ட நாடாவில் ஒருமுனையில் ஒளி மிகுந்தும் மறுமுனையில் குறைந்தும் காணப்படுவதுண்டு. வாய்க்காலில் தலைமடை வயலுக்கு நீர் நிறையப் பாய்ந்து, கடைமடை வயல் வாடுவது போன்றதே இது. பட்டையின் மெல்லிய செம்புத்தகடு மின்னோட்டத்தைச் சற்றே தடுப்பதால், போகப்போக வோல்ட் குறைகின்றது. 72 வாட் நாடாவில் 12 வோல்ட் என்றால் 6 ஆம்பியர் ஓட வேண்டும், 24 வோல்ட் என்றால் 3 ஆம்பியரே போதும். ஓட்டம் குறைந்தால் இழப்பும் குறையும். ஆகவே நீளம் மிகுந்த இடத்திற்கு 24 வோல்ட் நாடா ஏற்றது. 5 மீட்டருக்கு மேற்பட்டால் இரு முனைகளிலும் மின்கம்பி கொடுத்துக் கடைமடையைக் காக்கலாம்.

ஆறாவது, ஈரமும் வெப்பமும். சாரற் காலத்தில் புளியறை, குற்றாலப் பகுதிகளில் சுவரே வியர்ப்பதுபோல் நனைந்திருக்கும். நாடா விளக்கின்மீது ஐ.பி. என்னும் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஐ.பி.20 என்றால் உலர்ந்த உள்ளறைக்கு மட்டும். திண்ணைக்கும் தாழ்வாரத்திற்கும் ஐ.பி.65 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். நாடா காக்கப்பட்டாலும் அடாப்டரும் இணைப்புகளும் நனையாத இடத்தில் இருத்தல் வேண்டும். எல்.இ.டி. இழை விளக்குப்போலச் சுடாவிடினும், தனக்குள் தோன்றும் வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் அதன் ஆயுள் குறையும். அலுமினியச் சட்டத்தில் பதிப்பது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கடையில் கொடுத்த சுருளை விரிக்காமலே மின்சாரத்தில் இணைத்து வேடிக்கை பார்ப்பதும், கம்பிகளை வெறுமே முறுக்கி ஒட்டுநாடா சுற்றிவிடுவதும் தவிர்க்க வேண்டியவை. 230 வோல்ட் பக்கத்து வேலையைத் தேர்ந்த மின்பணியாளரிடமே விட்டுவிடுதல் வேண்டும்.

மற்றொரு செய்தியையும் சொல்ல வேண்டும். மலையடிவார ஊர்களில் வீட்டு எல்லைக்கு அப்பால் தொடங்குவது காடு. மின்மினிகள் ஒளிக்குறிப்பால்தான் துணையை அழைக்கின்றன. அந்துப்பூச்சிகள் விளக்கைச் சுற்றியே வலுவிழந்து மடிகின்றன. வெளிச்சுவரிலும் மதிலிலும் விடியும்வரை நாடா விளக்கை எரியவிடுவது நமக்குச் சிறிய அழகு, அவ்வுயிர்களுக்கோ வாழ்வின் இடையூறு. வெளிவிளக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்திற்கு, நிலத்தை நோக்கி எரியட்டும்.

மாணவர்களே, எண்ணெய் விளக்கின் காலத்தில் ஒளியை வீணாக்க எவராலும் இயலவில்லை. எண்ணெயின் விலை அவர்களைத் தடுத்தது. அரிக்கன் விளக்கில் கரியேறிய கண்ணாடி தடுத்தது. மின்குமிழின் காலத்தில் கட்டணச் சீட்டு ஓரளவு தடுத்தது. நம் காலத்தில் அத்தடைகள் யாவும் தளர்ந்துவிட்டன. நாடாவை எவ்வளவு ஏற்றுவது என்று அரிக்கன் விளக்கின்முன் அமர்ந்த சிறுவன் கேட்ட கேள்வியை, இன்று வேறொரு நாடாவின்முன் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்கு, எந்த இடத்தில், எந்த நிறத்தில், எவ்வளவு நேரம் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை கண்டபின் கடைக்குச் செல்பவர் விளம்பரத்தால் ஏமாறமாட்டார். பல தலைமுறையினர் இருளோடு போராடி நமக்கு ஈட்டித்தந்த ஒளி இது. அதனை அறிந்து ஏற்றுவதும், வேண்டாதபோது அணைப்பதும் அவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.